தடைக்காலத்தில் தொடங்கிய குதிரைப் பாடம்: நாங்கள் இருவரும் சவாரி கற்கிறோம். சொந்தக் குதிரை வாங்கலாமா?

உச்சிப்புளிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் வேறொரு இழையில் குதிரை பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பார்த்து ஏழெட்டுப் பேர் தனிமடலில் விசாரித்தீர்கள். இங்கேயே மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளும். கடைசியில் எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது.

எனக்கு 41 வயது, வீட்டுக்காரருக்கு 46. விசைப்படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிற தொழில் அவருக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் படகெல்லாம் கரையில் நிற்கும், அவருக்கும் கை ஓய்ந்துவிடும். மகள் வெளியூர்க் கல்லூரிக்குப் போன வருடம் அந்த 61 நாளும் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். காலையில் எழுந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் அவர் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருப்பார். ஒருநாள் அரியமான் பக்கம் வண்டியில் போனபோது சவுக்குத் தோப்புக்குப் பின்னால் ஒரு லாயம் கண்ணில் பட்டது. பனையோலைக் கொட்டகை, ஆறு குதிரைகள், மணல் பரப்பிய ஒரு வட்டம். சென்னையில் பல வருடம் குதிரைகளோடு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் நடத்துகிறார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர்.

உள்ளே போகலாம் என்று சொன்னது வீட்டுக்காரர்தான். எனக்குக் கால் நகரவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சுற்றுலாக் கடற்கரையில், போட்டோ எடுப்பதற்காக என்னைக் குதிரையில் ஏற்றிவிட்டார்கள். ஹெல்மெட் இல்லை, காலில் ரப்பர் செருப்பு. பின்னால் யாரோ விசிலடித்ததும் குதிரை பிய்த்துக்கொண்டு ஓடியது. நான் விழுந்தேன், ஆனால் ஒரு கால் அங்கவடியில் (சேணத்தில் கால் வைக்கிற வளையம்) மாட்டிக்கொண்டது. செருப்பு கழன்றதால் கால் விடுபட்டது. முழங்கை எலும்பு விரிந்து இரண்டு மாதம் கட்டுப் போட்டிருந்தேன். அதற்கப்புறம் கல்யாண ஊர்வலத்தில் குதிரை வந்தால்கூட ஒதுங்கிப் போய்விடுவேன்.

இதை மாஸ்டரிடம் சொன்னேன். "அப்படியானால் இப்போதைக்கு நீங்கள் ஏறவே வேண்டாம்மா, பக்கத்தில் நின்று பாருங்கள், போதும்" என்றார். அதோடு எங்கள் இருவருக்கும் சேர்த்தே அந்த விதியை வைத்துவிட்டார். முதல் மூன்று வாரம் யாரும் குதிரை மேல் ஏறவில்லை. சாணம் அள்ளினோம். உடம்பைத் தேய்த்துவிட்டோம். குளம்பைத் தூக்கி, நடுவிலிருக்கும் முக்கோணச் சதையில் குத்திவிடாமல் மண்ணையும் முள்ளையும் எடுக்கப் பழகினோம். நம் ஊரில் சீமைக் கருவேல முள் இல்லாத இடம் ஏது? ஒரு முள் உள்ளே போய்ச் சீழ் பிடித்தால் குதிரை மூன்று காலில் நிற்கும். அதனால் காலையும் மாலையும் நான்கு குளம்பையும் பார்த்தே ஆகவேண்டும்.

என் பயம் போனது அந்த மூன்று வாரத்தில்தான். குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருக்கிறது. அதனால் ஏறக்குறைய சுற்றி எல்லாமே தெரியும். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் தெரியாது. அன்றைக்குக் கடற்கரையில் அந்தக் குதிரைக்குத் தெரியாத இடத்திலிருந்து விசில் வந்திருக்கிறது, அது பயந்து ஓடியிருக்கிறது. பன்னிரண்டு வருடமாக அதற்குக் கெட்ட குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் பழகியது செவலை என்கிற பெண்குதிரை. குஜராத்தின் கத்தியவாரி இனக் கலப்பு. காது இரண்டும் உள்பக்கம் வளைந்து நுனியில் தொட்டுக்கொள்ளும். அவருக்கு மயிலை. கொஞ்சம் பெரிய உடம்பு. சேணத்தோடு சேர்த்து ஆளின் எடை குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது மாஸ்டரின் கணக்கு. செவலை 400 கிலோ, அதனால் 80 கிலோதான் எல்லை. அவர் 84.

இப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இருவரும் டிராட் (துள்ளுநடை) நன்றாகப் போகிறோம், கேன்டர் (அதைவிட வேகமான மெல்லோட்டம்) தொடங்கியிருக்கிறோம். இதற்கிடையில் செவலையை விற்கப் போவதாகப் பேச்சு வந்திருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கு 40 சென்ட் இடம் இருக்கிறது. வாங்கிவிடலாம் என்கிறார் அவர். எனக்கு ஆசை அவரைவிட அதிகம், ஆனாலும் மனதில் ஏதோ தடுக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தேவிபட்டினத்தான் எழுதியது:

அக்கா, படிக்கப் படிக்க நேரில் பார்த்த மாதிரி இருந்தது. ஒரு சந்தேகம். மூன்று வாரம் ஏறாமலே பணம் கட்டினீர்களா? எங்கள் பக்கம் இதைச் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

---

உச்சிப்புளிக்காரி எழுதியது:

அந்த மூன்று வாரத்துக்கும் அவர் பணம் வாங்கவில்லை தம்பி. நாங்கள் வேலை செய்தோம், அவர் சொல்லிக்கொடுத்தார். ஏற ஆரம்பித்த பிறகுதான் கட்டணம். ஆனால் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

---

ஜட்காபேரன் எழுதியது:

என் தாத்தா ராமநாதபுரம் ஸ்டேஷனில் குதிரை வண்டி ஓட்டியவர். அந்த ஞாபகத்தில் எழுதுகிறேன். அவர் சாப்பிட உட்காருவதற்கு முன்னால் குதிரைக்குத் தண்ணீர் காட்டியாயிற்றா என்று கேட்பார். இல்லையென்றால் இலையை விட்டு எழுந்து போவார். ராத்திரி ஊறவைத்த கொள்ளைக் காலையில் கையால் பிசைந்து பார்த்துத்தான் வைப்பார். வண்டித் தொழில் போய், குதிரையை விற்ற அன்று அவர் வீட்டுக்கு வரவில்லை. கொட்டகையிலேயே படுத்துக்கொண்டார். என் அப்பா சொன்னது இது.

நம் கரைக்குக் குதிரை புதிதில்லை. அரபு நாட்டிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் பாண்டியருக்குக் கப்பல் கப்பலாகக் குதிரை வந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, அத்தனை விலை கொடுத்து வாங்கிய குதிரைகள் பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாமல் செத்துப்போவதை எழுதி வைத்திருக்கிறார். மாணிக்கவாசகர் பாண்டியனின் பணத்தோடு குதிரை வாங்கப் புறப்பட்டுப் போய்ச் சேர்ந்த திருப்பெருந்துறை, தொண்டிக்கு வடக்கே இருக்கும் இன்றைய ஆவுடையார்கோயில்தான். இராவுத்தர் என்ற சொல்லுக்கே குதிரை வீரர் என்று பொருள். இன்றைக்கும் நம் கிராமங்களில் ஐயனாருக்குப் புரவி எடுக்கிறோம். மண்குதிரையைத் தோளில் சுமக்கிற ஊரில் உயிர்க்குதிரையைத் தொட்டுப் பழகியவர்கள் இல்லாமல் போய்விட்டார்கள். நீங்கள் இருவரும் பழகுவது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தாயி.

---

கீழக்கரை72 எழுதியது:

ஜட்காபேரன் அண்ணன் எழுதியது அருமை. பெரியபட்டினம் பக்கம் மண்ணைத் தோண்டினால் சீனப் பீங்கான் கிடைக்கிறது. அந்தக் காலத்தில் எத்தனை நாட்டுக் கப்பல் இங்கே நின்றிருக்கும்!

வாங்கும் விஷயத்தில் என் கருத்து: கூடாது. என் காக்கா (அண்ணன்) துபாயிலிருந்து வந்து ஆசைப்பட்டு ஒன்று வாங்கினார். ஆறே மாதம். திரும்பிப் போகும்போது பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் பாதி விலைக்குக் கொடுத்தார். குதிரை இளைத்துப் போயிருந்தது. அதுதான் இன்றைக்கும் மனதைப் பிசைகிறது.

---

பனங்காடு எழுதியது:

கோபித்துக்கொள்ள வேண்டாம். தண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிற மாவட்டத்தில் குதிரை தேவையா? அதுவும் சவாரி என்பது அந்தப் பிராணிக்குக் கஷ்டம்தானே? வாயில் இரும்பைப் போட்டு முதுகில் ஏறுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

---

உச்சிப்புளிக்காரி எழுதியது:

பனங்காடு, நியாயமான கேள்வி. கோபம் ஏதுமில்லை. தண்ணீர் பற்றி எனக்குப் பதில் தெரியாது, அதையும் சேர்த்துத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் வாயில் இரும்பு என்றீர்களே, அதைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். எங்கள் இருவருக்கும் நடுவில் நடந்த பெரிய விஷயமே அதுதான்.

வீட்டுக்காரருக்குச் சின்ன வயதிலிருந்தே கயிறும் படகும்தான். கயிறு கையில் வந்தால் இறுக்கிப் பிடிக்கிற கை அது. இறுக்காவிட்டால் கடலில் ஆள் போய்விடும். அதே கையோடு மயிலையின் கடிவாள வாரைப் பிடித்தார். மயிலை தலையை மேலே வீசும், அவர் இன்னும் இழுப்பார், அது இன்னும் வீசும். இரண்டு மாதம் இப்படியே போயிற்று. எனக்கோ செவலையோடு ஒத்துப்போய்விட்டது, நான் டிராட்டுக்கு வந்துவிட்டேன். அவர் இன்னும் நடையிலேயே இருந்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேச மாட்டார். அதைவிடக் கஷ்டம், நான் வட்டத்தில் சுற்றும்போது வேலிக்கு வெளியே நின்று "முதுகை நிமிர்த்து, காலை இறக்கு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். மாஸ்டர் ஒன்று சொல்ல, இவர் ஒன்று சொல்ல, நான் இரண்டு பக்கமும் பார்க்க, செவலை நடுவில் நின்றுவிடும். ஒருநாள் இறங்கி அழுதே விட்டேன்.

அன்றைக்குத்தான் மாஸ்டர் இரண்டு காரியம் செய்தார். வட்டத்துக்குள் ஒருத்தர் பேச்சு மட்டும்தான் என்றார். அப்புறம் ஒரு பழைய கடிவாளத்தை எங்கள் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். ஒருவர் இரும்பை இரண்டு உள்ளங்கையிலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவர்தான் குதிரை. மற்றவர் பின்னால் நின்று வாரைப் பிடித்துப் பேசாமல் திருப்ப வேண்டும், நிறுத்த வேண்டும்.

ராத்திரி திண்ணையில் விளக்கை அணைத்துவிட்டுச் செய்தோம். முதலில் நான் குதிரை. அவர் இழுத்ததும் விரல் நசுங்கியது. "வலிக்குதுங்க" என்றேன். "நான் இழுக்கவே இல்லையே" என்றார். அவருக்கு அது இழுப்பே இல்லை! பிறகு அவர் குதிரை. நான் சுண்டுவிரலை மட்டும் மடக்கினேன். அவர் உடனே திரும்பினார். திரும்பிவிட்டு அப்படியே நின்றார். "இவ்வளவுதானா? இதுவா போதும்?" என்று நாலைந்து முறை கேட்டார். ஒரு வாரம் தினமும் இதைச் செய்தோம்.

அடுத்த ஞாயிறு மயிலை தலையை வீசவில்லை. இப்போதெல்லாம் அவர் மூச்சை விட்டு இடுப்பைத் தளர்த்தினாலே மயிலை நிற்கிறது, வாரைத் தொடவே வேண்டியதில்லை. இரும்பு வாயில் இருப்பது உண்மைதான். கை கற்றுக்கொண்டால் அது வலியாக இருக்க வேண்டியதில்லை என்பதை என் உள்ளங்கையில் பார்த்துவிட்டேன். கற்காத கையில் அது கொடுமைதான். அதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன்.

---

பனங்காடு எழுதியது:

இப்படி ஒரு பதிலை எதிர்பார்க்கவில்லை. நன்றி. தண்ணீர் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை, மற்றதை யோசிக்கிறேன்.

---

மருந்துப்பை எழுதியது:

கால்நடைத் துறையில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மாடு, ஆடுதான் அதிகம் பார்த்தேன் என்றாலும் குதிரையும் பார்த்திருக்கிறேன். வாங்குவதா வேண்டாமா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நம் கரையில் குதிரை வைத்திருப்பவர்களுக்கு வருகிற தொல்லைகளைச் சொல்லிவிடுகிறேன்.

முக்கியமானது மணல். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது பின்வழியாகத்தான் வரவேண்டும். மணல் தரையில் தீனியைக் கொட்டினால் புல்லோடு மணலையும் சேர்த்து மேய்ந்துவிடும். அது குடலின் அடியில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து, ஒருநாள் அடைத்துக்கொண்டு வயிற்றுவலியில் தரையில் புரளும். அப்போது வைத்தியம் பார்க்கப் பெரும்பாலும் நேரம் இருக்காது. கண்ணாடிப் பாட்டிலில் ஒரு கைப்பிடி சாணத்தைப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்துவிடுங்கள். சற்று நேரத்தில் மணல் அடியில் தங்கிவிடும். மாதம் ஒருமுறை இப்படிப் பார்த்தாலே நிலைமை தெரிந்துவிடும். தொட்டியில் தீனி வையுங்கள், கீழே ரப்பர் பாய் போடுங்கள். மணல் சேர்ந்துவிட்டால் இசப்கோல் உமி கொடுக்கிற வழக்கம் உண்டு. எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்தது சீமைக் கருவேலங்காய். இனிப்பாக இருப்பதால் விரும்பித் தின்னும். அளவு மீறினால் அதுவும் குடலை அடைக்கும். காய் உதிரும் பருவத்தில் மரத்தடியில் கட்டவே கூடாது.

தீனி. 400 கிலோ குதிரைக்கு நாளுக்கு உத்தேசமாக 8 கிலோ காய்ந்த தீனி, அதில் பெரும்பகுதி புல்லாக இருக்க வேண்டும். அதன் இரைப்பை சிறியது. ஒரே வேளையில் கொள்ளைக் கொட்டினால் தாங்காது, பிரித்துப் பிரித்து வைக்க வேண்டும். மாட்டுக்கு வளர்க்கிற கோ 4 புல்லை மட்டுமே கொடுத்துவிடாதீர்கள். அதில் ஆக்சலேட் இருக்கிறது, சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. குதிரைமசால் என்கிற தீவனப் பயிரைச் சேர்த்துக் கொடுத்தால் அந்தக் குறை தீரும். பெயரிலேயே குதிரை இருக்கிறதே! உப்புக்கு இந்துப்புக் கட்டியைத் தொங்கவிடுங்கள். நம் வெயிலிலும் புழுக்கத்திலும் குதிரை வியர்த்துக் கொட்டும், வியர்வையோடு உப்பும் நிறையப் போய்விடும்.

பனங்காடு கேட்ட தண்ணீர் சின்ன விஷயமில்லை. நாளுக்கு 30, 40 லிட்டர் குடிக்கும், கோடையில் அதற்கு மேலும் போகும். கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். குடிக்காத குதிரைக்குக் குடல் காய்ந்து மறுபடி அதே வயிற்றுவலிதான். உங்கள் 40 சென்ட் இடத்துக் கிணறு எப்படி?

கடைசியாக, குதிரையோடு பழகுகிறவர்கள் எல்லோரும் டெட்டனஸ் ஊசி போட்டிருக்க வேண்டும். குதிரைக்கும் போட வேண்டும். அந்தக் கிருமி லாயத்து மண்ணிலும் சாணத்திலும் இருக்கும். சின்னச் சிராய்ப்பு போதும்.

---

உச்சிப்புளிக்காரி எழுதியது:

ஐயா, உங்கள் பதிவை அப்படியே எழுதி லாயத்தில் ஒட்டிவிட்டோம். எங்கள் கிணறு உவர்தான். துணி துவைக்கத்தான் ஆகும். குடிக்கக் காவிரிக் குழாயும் விலைத் தண்ணீரும். லாயத்துக்கு ஊரணிக்குப் பக்கத்துக் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் வருகிறது. இந்த வித்தியாசம் என் கண்முன்னேதான் இருந்தது, ஆனாலும் உறைக்கவில்லை.

நேற்று பாட்டில் சோதனை செய்தோம். செவலையுடையது தெளிவாக இருந்தது. மயிலையுடையதில் ஒரு விரற்கடை மணல் படிந்தது. மாஸ்டர் உடனே மருத்துவரைக் கூப்பிட்டுவிட்டார். தரையில் சிந்திய புல்லைப் பொறுக்கித் தின்கிற பழக்கம் மயிலைக்கு உண்டு.

---

மருந்துப்பை எழுதியது:

முன்கூட்டியே தெரிந்தது நல்லதாகப் போயிற்று. தீனிக்கு அப்புறம் சாணம் போடுகிறதா, எத்தனை முறை போடுகிறது என்பதைக் குறித்து வையுங்கள்.

---

தொண்டிப்பெண் எழுதியது:

நானும் அவரும் கற்க ஆசைப்படுகிறோம். எனக்கு 29. இரண்டு கேள்வி அக்கா. கடற்கரையில் ஓட்ட விடுவார்களா? விமானத் தளம் பக்கத்தில்தானே இருக்கிறது, சத்தத்துக்குக் குதிரை மிரளாதா?

---

வலைக்கயிறு எழுதியது:

நான்தான் உச்சிப்புளிக்காரியின் வீட்டுக்காரர். இந்த இழைக்காகவே கணக்குத் தொடங்கினேன். தொண்டித் தங்கச்சி கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன், கடல் என் பாடம்.

கடற்படையின் பருந்து தளத்து விமானம் தாழ்வாகத்தான் போகும். இங்கேயே இருக்கிற குதிரைகள் அதற்குப் பழகிவிட்டன, காதை மட்டும் திருப்பும். புதிதாக வந்தால் முதல் சில வாரம் அந்தச் சத்தத்தில் யாரும் மேலே இருக்கக்கூடாது. பக்கத்தில் நின்று, கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, புல்லைத் தின்னவிட வேண்டும்.

கடற்கரைக்குப் பத்து மாதம் கழித்துத்தான் கூட்டிப்போனார்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கொந்தளிக்கும், அப்போது வடகடலான பாக் நீரிணைப் பக்கம் குளம் மாதிரி கிடக்கும். வாடை பிறந்தால் அப்படியே தலைகீழ். அரியமான் வடகடல் கரை. அதனால் மே, ஜூனில் விடிகாலையில் போகிறோம். ஈரமாக இறுகிய மணலில் மட்டும்தான். மேலே காய்ந்த மணலில் ஓட்டினால் கால் புதைந்து தசைநார் கெட்டுவிடும். முதல் ஆள் நடந்தே போய்க் கரையைப் பார்ப்பார். அறுந்த நைலான் வலை, தூண்டில் முள், பாட்டில் கண்ணாடி எல்லாம் கிடக்கும். எங்கள் தொழிலில் தூக்கிப் போட்டவைதான் அவை. குதிரைக் காலுக்கு முன்னால் குனிந்து பொறுக்கும்போது தப்பு நன்றாகவே தெரிகிறது. இப்போது படகுக்காரர்களிடம் சொல்லி, அறுந்த வலையைச் சாக்கில் கட்டி ஐஸ் வண்டியிலேயே திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். எட்டுப் படகு ஒத்துக்கொண்டது.

தனுஷ்கோடிப் பக்கம் குதிரை கொண்டுபோகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். வருடத்தின் முதல் மாதங்களில் பங்குனி ஆமை ஏறி முட்டையிடுகிற கரை அது. வனத்துறை முட்டையை எடுத்துப் பாதுகாத்துக் குஞ்சு பொரிக்கவைத்துக் கடலில் விடுகிறார்கள். குளம்பு பட்டால் என்ன மிஞ்சும்?

வீட்டம்மா எழுதிய இன்னொரு விஷயம். நான் பின்தங்கிவிட்டதில் எனக்கு வருத்தம் இருந்தது உண்மை. அவள் எனக்கு முன்னால் போனதில் வந்த வருத்தம் இல்லை அது. மயிலைக்கு நான் வலி கொடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தும் நிறுத்தத் தெரியவில்லை. அதை அவளிடம் சொல்லவும் வரவில்லை. திண்ணையில் அவள் "வலிக்குதுங்க" என்றபோதுதான் வாய் திறந்தேன்.

---

தேவிபட்டினத்தான் எழுதியது:

அண்ணே, நீங்கள் எழுதியதை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பயிற்சிக்கு ஒரு கயிறு போதுமா, இல்லை கடிவாளமே வேண்டுமா?

---

வலைக்கயிறு எழுதியது:

கயிறு போதும் தம்பி. நடுவில் ஒரு கரண்டிக் காம்பைக் கட்டிக்கொள்ளுங்கள். குதிரையாக இருப்பவர் கண்ணை மூட வேண்டும், பேசக்கூடாது, வலித்தால் மட்டும் சொல்லலாம்.

---

ஜட்காபேரன் எழுதியது:

எட்டுப் படகு என்று படித்ததும் மனம் நிறைந்தது. முடிவு என்ன எடுத்தீர்கள், வாங்குகிறீர்களா? இரண்டு வாரமாகச் சத்தத்தையே காணோம்.

---

உச்சிப்புளிக்காரி எழுதியது:

மன்னிக்க வேண்டும், மயிலையைக் கவனிப்பதிலேயே நாள் போய்விட்டது. இப்போது நன்றாக இருக்கிறது. மூன்றாவது பாட்டிலில் மணல் கொஞ்சமாகத்தான் படிந்தது.

நாங்கள் வாங்கவில்லை. தண்ணீர் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், குதிரை கூட்டத்தில் வாழ்கிற பிராணி. ஒன்றை மட்டும் கொண்டுவந்து எங்கள் வேலிக்குள் கட்டினால் அது நாள் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கும். செவலையும் மயிலையும் பக்கத்துப் பக்கத்துக் கொட்டடி. சாயங்காலம் ஒன்றின் பிடரியை ஒன்று பல்லால் நீவிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, எனக்கு அதைப் பிரிக்க மனம் வரவில்லை.

ஆனால் வேறு யாருக்கும் விற்கவும் விடவில்லை. மாஸ்டரோடு உட்கார்ந்து பேசினோம். செவலை லாயத்திலேயே இருக்கும். தீனி, லாடம், மருந்துச் செலவில் பாதி எங்களுடையது. வாரத்தில் மூன்று நாள் காலை அவளைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் எங்களுடையது. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடம் அடிக்கிறவர் மதுரையிலிருந்து வருவார். அவர் வரும் நாளில் முகவாரைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. எங்கள் 40 சென்ட்டில் கொஞ்சம் குதிரைமசால் போட்டுப் பார்க்கலாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். உவர்த் தண்ணீருக்கு அது வருமா? மருந்துப்பை ஐயா சொல்ல வேண்டும்.

---

மருந்துப்பை எழுதியது:

நல்ல முடிவு. உவர்நீருக்குக் குதிரைமசால் தாங்காது, ஓரளவு நல்ல தண்ணீர் கேட்கும். வேலிமசால் வறட்சியைக் கூடுதலாகத் தாங்கும், ஆனால் அதற்கும் உங்கள் கிணற்று நீரைப் பரிசோதித்துவிட்டு விதையுங்கள். மண், நீர் இரண்டையும் வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் பார்த்துச் சொல்வார்கள்.

---

தொண்டிப்பெண் எழுதியது:

அக்கா, இந்த ஞாயிறு வரலாமா? அவரும் வருகிறார். என்ன கொண்டுவர வேண்டும்?

---

உச்சிப்புளிக்காரி எழுதியது:

வாருங்கள் தங்கச்சி. காலை ஐந்தே முக்காலுக்கு இருக்க வேண்டும், எட்டு மணிக்கு மேல் வெயிலில் குதிரையை வெளியே எடுக்க மாட்டோம். தொண்டியிலிருந்து அந்த நேரத்துக்கு வருவது கஷ்டம், சனி இரவே எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிவிடுங்கள். முழுக்கால் மூடிய பேண்ட், சின்னதாகக் குதிகால் வைத்த மூடிய ஷூ. குதிகால் இருந்தால்தான் கால் அங்கவடிக்குள் நழுவாது. துப்பட்டா, தொங்கட்டான் வேண்டாம். ஹெல்மெட் இங்கேயே இருக்கிறது. டெட்டனஸ் ஊசி போட்டுவிட்டு வாருங்கள்.

முதல் நாள் ஏற விட மாட்டார்கள் என்பதை அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். செவலைக்குக் கேரட் பிடிக்கும். நீளவாக்கில் நறுக்கிக் கொண்டுவாருங்கள், வட்டமாக நறுக்கினால் தொண்டையில் நிற்கும். கொடுக்கும்போது உள்ளங்கையை நன்றாக விரித்து, கட்டைவிரலைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கமாக வர வேண்டாம். தோள்பக்கமாக வந்து, முதலில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.